சாட்சியத்தை விற்போரும் சாட்சியத்தை மறைப்போரும்

 

வெள்ளக்கடையில் மாலை நேரம் ஓதவரும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு மக்ரிபுக்கு ஒளூச் செய்யச் சென்றுகொண்டிருந்தோம். பனி இறங்கத் தொடங்கியிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் அலிஃப், பே கற்றுக்கொண்ட ஒரு இளைஞர் வாசலில் நின்றார். சேலத்தில் ஒரு மின்பணி ஒப்பந்தக்காரரிடம் எடுபிடியாகச் சேர்ந்து, பின்னர் முழு எலக்ட்ரீஷியனாக உயர்ந்து, ஒன்பது ஆண்டுகள் உழைத்தவர். சவூதியில் ஒரு வேலை வாய்ப்பு வந்திருந்தது. ஐந்தாண்டு அனுபவத்திற்கான சான்று கேட்டிருந்தார்கள்.

முதலாளியிடம் கேட்டிருக்கிறார். முதல் முறை, "நாளைக்கு வா" என்ற பதில். இரண்டாம் முறை, "சீல் வீட்டில் இருக்கிறது" என்ற பதில். மூன்றாம் முறை, "உன்னைப் போன்றவர்களுக்கெல்லாம் லெட்டர் கொடுத்துக்கொண்டிருந்தால் நான் எப்படித் தொழில் செய்வது?" என்ற பதில். நான்காம் முறை தொலைபேசியே எடுக்கப்படவில்லை. அந்த முதலாளி நம் சமுதாயத்தவர். ஜும்ஆவில் முதல் வரிசையில் அமர்பவர்.

இதற்கிடையே ஒரு தரகர், பணம் கொடுத்தால் எத்தனை ஆண்டுக்கு வேண்டுமானாலும் சான்று ஏற்பாடு செய்வதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று எண்ணிய இளைஞர் நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், நம் மத்ரஸா லெட்டர்பேடில், நான் இங்கே மின்வேலை பார்த்ததாக ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்தால் போதும்" என்றார்.

நாம் மறுத்தோம். பொய்ச்சாட்சியின் பாவத்தை எடுத்துரைத்தோம். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்று சொன்னார்: "நான் ஒன்பது வருஷம் உழைச்சது நிஜம் ஹஜ்ரத். அந்த நிஜத்தைச் சொல்ல ஒருத்தரும் இல்லை. பொய்யைச் சொல்ல ஆள் இருக்கு. நான் எங்கே போறது?"

அன்று மக்ரிபில் நாம் ஓதிய சூரா எது என்று கூட நினைவில்லை. அவருக்கு நாம் சொன்ன பதில் பாதிப் பதில் என்பது மட்டும் உறைத்தது. மிம்பர்களிலிருந்து நம் சமுதாயத்திற்குச் சொல்லப்படுவதும் இந்தப் பாதிப் பதில்தான். முழுப் பதிலையும் இங்கே எழுதிவிட நினைக்கிறோம்.

முதலில், சொல்லப்படும் பாதியைச் சொல்லிவிடுவோம், அது உண்மையே.

ஒருவர் இன்ன இடத்தில், இன்ன காலம், இன்ன வேலை செய்தார் என்று எழுதிக் கையொப்பமிடுவது ஷஹாதத், அதாவது சாட்சியம். நீதிமன்றக் கூண்டில் நின்று சொல்வது மட்டுமே சாட்சியம் அன்று. பெரும்பாவங்களை எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள், பொய்ச்சாட்சி என்ற இடம் வந்ததும் சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து அமர்ந்து, தோழர்கள் 'இனி நிறுத்திக்கொள்ள மாட்டார்களா' என்று ஏங்கும் அளவுக்கு அதைத் திரும்பத் திரும்பக் கூறியதாக புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அந்தச் சபையில் அவர்களை நிமிர்ந்து அமரவைத்த ஒரு பாவத்தை, நாம் ஒரு சீலும் ஒரு வெள்ளைத்தாளும் கொண்டு செய்துவிட்டுத் தேநீர் அருந்தப் போகிறோம்.

'எல்லோரும் செய்கிறார்கள்' என்பார்கள். எல்லோரும் செய்வதனால் ஒரு பாவம் பொதுப்பாவமாகுமே தவிர ஹலாலாகாது. 'இதனால் யாருக்கு நஷ்டம்?' என்பார்கள். மின்கம்பியைத் தொடும் கைக்கு ஐந்தாண்டுப் பழக்கம் உண்டு என்று நம்பி ஒருவர் அவரை மேலே ஏற்றுகிறார். பழக்கம் இல்லையென்றால் எரிவது அந்தக் கை; அல்லது பக்கத்தில் நிற்கும் ஒன்றுமறியாதவரின் கை. அதே வேலைக்கு உண்மையான அனுபவத்துடன் காத்திருந்த இன்னொரு ஏழையின் ரிஸ்க்கின் குறுக்கே நாம் நின்றிருக்கிறோம் என்பதும் நஷ்டமே. கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள் உள்ளே ஈரத்தைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்டார்கள்; மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். இல்லாத அனுபவத்தை மேலே அடுக்கி இருக்கும் குறையை உள்ளே மறைக்கும் தாளும் அத்தகைய குவியல்தான்.

உலகக் கணக்கிலும் இது வெல்லும் வழியன்று. 2022 நவம்பரில், இல்லாத நிறுவனங்களின் பெயரில் அனுபவச் சான்று காட்டிச் சேர்ந்தவர்களைப் பணியிலிருந்து நீக்கியதாக அக்செஞ்சர் நிறுவனம் இந்தியாவில் வெளிப்படையாக அறிவித்தது. சவூதி அரசு, எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர் போன்ற தொழில்களுக்கு இந்தியாவிலேயே செய்முறைத் தேர்வு வைக்கிறது. 2025 ஜனவரி 14 முதல், வேலை விசா கேட்கும் இந்தியர்களின் கல்வி, தொழில் தகுதிகளை முன்கூட்டியே சரிபார்ப்பதையும் கட்டாயமாக்கியது. தரகர் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார். பிடிபடும் நாளில் தனியே நிற்கப்போவது நம் வீட்டுப் பிள்ளை.

இவ்வளவும் நாம் அடிக்கடி சொல்வது. சொல்லாமல் விடும் பாதிக்கு இப்போது வருவோம்.

பொய்ச் சான்றை விலைக்கு வாங்கும் இளைஞர்களில் எத்தனை பேர் உண்மைச் சான்றைக் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் அங்கே போனவர்கள் என்று நாம் விசாரித்ததுண்டா? தரகரின் கடைக்கு ஆள் அனுப்பிவைப்பவர் பல நேரங்களில் நம் மதிப்பிற்குரிய முதலாளிதான். சாட்சியத்தை விற்பவரை ஹராம் செய்பவர் என்கிறோம். சாட்சியத்தை மறைப்பவரைப் 'பெரிய மனிதர்' என்கிறோம்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அன்று. அது எழுதிவைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலைச் சிறிதாயினும் பெரிதாயினும் தவணையுடன் எழுதிவைக்கச் சலிப்படைய வேண்டாம் என்கிறது; எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்க வேண்டாம் என்கிறது; அழைக்கப்படும்போது சாட்சிகள் மறுக்க வேண்டாம் என்கிறது. அடுத்த வசனம், சாட்சியத்தை மறைப்பவரின் பாவத்தை அவரது நாவின் மீதோ கையின் மீதோ சுமத்தாமல் உள்ளத்தின் மீது சுமத்துகிறது. 'அது கடனுக்கான வசனம்தானே' என்று கேட்பவர்களுக்கு நம் பதில்: கடனை எழுதச் சொன்னதற்குக் காரணம், மனிதரின் உரிமை மறதியிலும் மறுப்பிலும் அழிந்துவிடக் கூடாது என்பது. பணம் கொடுத்தவரின் உரிமைக்கு இத்தனை காவல் என்றால், தம் வாழ்நாளில் ஒன்பது ஆண்டுகளைக் கொடுத்தவரின் உரிமைக்குக் காவல் வேண்டாமா?

நபி ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்தாரிடம் அளவையையும் நிறுவையையும் நிறைவாக்கச் சொன்னதோடு நிற்கவில்லை. மக்களுக்குரிய பொருள்களைக் குறைத்துவிடாதீர்கள் என்றும் கூறினார்கள் (7:85). ஒரு தொழிலாளியின் ஒன்பது ஆண்டுகள் அவருக்குரிய பொருள். 'அப்படி ஒருவர் என்னிடம் இருந்தாரா, நினைவில்லையே' என்று சொல்லும் முதலாளி, தராசில் ஒன்பதை வைத்துப் பூஜ்யம் காட்டுகிறார்.

மத்யன் நகரில் நபி மூஸா (அலை) அவர்கள் வேலைக்கு அமர்ந்த வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறோம். அதிலுள்ள ஒப்பந்தத்தைக் கவனிப்பதில்லை. காலம் பேசப்பட்டது: எட்டு ஆண்டுகள், பத்தாக நிறைவு செய்தால் அது மூஸாவின் விருப்பம். நிபந்தனை இரு பக்கமும் தெளிவாக்கப்பட்டது. சொன்னவற்றுக்கு அல்லாஹ் சாட்சியாக்கப்பட்டான் (28:27, 28). எவ்வளவு காலம், என்ன வேலை, யார் சாட்சி: இன்று ஓர் அனுபவச் சான்றில் கேட்கப்படும் மூன்றும் அங்கே இருக்கின்றன.

நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றில் இன்னும் நுட்பமான பாடம் இருக்கிறது. அரசர் அழைத்தவுடன் அவர்கள் சிறையிலிருந்து ஓடி வந்துவிடவில்லை. தம் மீதான பழியை முதலில் விசாரிக்கச் சொன்னார்கள். உண்மை அறிந்த பெண்கள் வாய்திறந்து, அவரிடம் எந்தத் தீமையையும் தாங்கள் அறியவில்லை என்று சாட்சி கூறினார்கள். அதன் பிறகே, களஞ்சியங்களின் பொறுப்பைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு அவர்கள் கேட்டார்கள் (12:50 முதல் 55 வரை). ஒரு நபிக்கே பதவிக்கு முன் பிறர் சாட்சியம் தேவைப்பட்டிருக்கிறது. சாட்சியம் கூறவேண்டியவர்கள் மௌனமாக இருந்திருந்தால்? நம் பிள்ளைகளின் விஷயத்தில் அந்த மௌனத்தைத்தான் நாம் கடைப்பிடித்துவருகிறோம்.

முதலாளிமார்கள் கூறும் காரணங்களையும் பார்த்துவிடுவோம்.

'கொடுத்தால் வேறு இடத்துக்குப் போய்விடுவான்.' போகட்டுமே. உழைப்பை விலைக்கு வாங்கினீர்கள், உழைத்தவரை விலைக்கு வாங்கவில்லை. ஒரு தாளை மறைத்து ஒருவரைக் கட்டிப்போடுவது வேலைவாய்ப்புக் கொடுப்பதில் சேராது.

'சண்டை போட்டுவிட்டுப் போனவன்.' சண்டையை எழுதச் சொல்லவில்லை. காலத்தை எழுதச் சொல்கிறோம். ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்பது இறைக்கட்டளை (5:8). கோபம் இருக்கும் இடத்தில்தான் அந்தக் கட்டளைக்கு வேலை.

'எழுதிக் கொடுத்தால் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. கேள்வியெல்லாம் வரும்.' இதுதான் உண்மையான காரணம் என்பதை நாமும் அறிவோம், அவர்களும் அறிவார்கள். இருபது பேர் வேலை செய்யும் நிறுவனம் சேமநல நிதி கட்டவேண்டும் என்பது சட்டம். கட்டாமல் மறைத்த தவற்றை மூடிவைக்க, தொழிலாளியின் வாழ்க்கையை மூடியாகப் பயன்படுத்துவது இரண்டாம் தவறு.

சட்டமும் இவர்கள் பக்கம் இல்லை. 1946ஆம் ஆண்டின் தொழில் நிலையாணைகள் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட மாதிரி நிலையாணைகளே, நிரந்தரத் தொழிலாளி பணியிலிருந்து விலகும்போதும் நீக்கப்படும்போதும் பணிச்சான்று பெற உரிமையுடையவர் என்றன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்று, வேலைக்குச் சேர்க்கும்போதே நியமனக் கடிதம் கொடுப்பதை முதலாளியின் கடமையாக்கியுள்ளது. நாட்டுச் சட்டம் இப்போது கேட்பதை, எழுதிவைக்கச் சொல்லும் வேதத்தைக் கையில் வைத்திருக்கும் நாம் எப்போதோ செய்திருக்க வேண்டும்.

நாம் வாழும் சேர்வராயன் மலையையே பாருங்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது வரலாற்று நூல்களில் பதிவாகியிருக்கிறது. அவருக்காகக் குழி வெட்டியவர்களின், நாற்றுச் சுமந்தவர்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. மேற்சொன்ன இளைஞரின் தாயாரும் பல ஆண்டுகள் காபிப் பழம் பறித்தவர். தோட்டத்தின் பதிவேட்டில் ஒவ்வொரு நாளும் அவர் பெயருக்கு நேரே ஒரு குறி விழுந்தது. கூலி கணக்கிட அது முதலாளிக்குத் தேவைப்பட்டது. அவர் கைக்கு ஒரு தாள் கூட வரவில்லை. தாயின் உழைப்புக்கு இருந்த பதிவு முதலாளியின் அலமாரியில். மகனின் உழைப்புக்கு அதுவும் இல்லை.

இதுவரை முதலாளிகளைப் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேச வேண்டும், அதுதான் கடினம்.

அந்த இளைஞர் போன பின் நமக்கு ஒரு முதியவர் நினைவுக்கு வந்தார். நாம் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளிவாசலில் மோதினாராக இருந்தவர். பஜ்ருக்கு அவர் சொல்லும் பாங்கைக் கேட்டு ஊர் எழுந்தது. மையித் குளிப்பாட்ட, பாத்திரம் கழுவ, ஹவுளு சுத்தம் செய்ய எல்லாவற்றுக்கும் அவர்தான். நிர்வாகம் மாறியபோது அவர் விலகினார். பின்னர் ஒருநாள் நம்மிடம் வந்து, தாம் அங்கே வேலை செய்ததற்கு ஒரு கடிதம் வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். தமிழ்நாட்டில் உலமாக்களுக்கும் பள்ளிவாசல், மத்ரஸா, தர்கா பணியாளர்களுக்கும் 2009இல் நல வாரியம் அமைக்கப்பட்டது. பல்லாண்டு பணியாற்றி முதுமையடைந்த இமாம்களுக்கும் மோதினார்களுக்கும் வக்ஃபு வாரியத்தின் வழியே ஓய்வூதியமும் உண்டு. இவற்றைக் கேட்கப் போகிறவர் பணிபுரிந்ததைக் காட்ட வேண்டும். புதிய நிர்வாகிகள், 'பழைய நோட்டில் இவர் பெயர் இல்லை' என்றார்கள். அவர் இருந்தார் என்பது நமக்குத் தெரியும். அவருடன் ஒரே தட்டில் உண்டிருக்கிறோம். நிர்வாகத்துடன் மனக்கசப்பு வேண்டாம் என்று எண்ணி நாம் பேசாமல் இருந்துவிட்டோம். அவர் இப்போது மண்ணறையில் இருக்கிறார்.

இளைஞரிடம் பொய்ச்சாட்சியின் பாவத்தை விரித்துரைத்த நாம், உண்மைச் சாட்சியத்தை மறைத்தவர்கள். அந்த முதலாளியைக் கண்டிக்கும் ஒவ்வொரு வரியும் முதலில் நம்மைக் கண்டிக்கிறது. அல்லாஹ் நம்மை மன்னிக்கட்டும். இது அடியார்களின் உரிமை சார்ந்தது. உரியவர் மன்னிக்காமல் தீராது என்பதை மாணவர்களுக்கு நாமே பாடம் நடத்தியிருக்கிறோம்.

ஹதீஸ் கலையைக் கற்ற சமுதாயம் நாம். ஓர் அறிவிப்பாளர் யாரிடம் கற்றார், எந்த ஆண்டில் கற்றார், ஆசிரியர் மறைந்த பிறகு பிறந்தவர் அவரிடம் கேட்டதாகச் சொல்கிறாரா என்றெல்லாம் துருவிய அறிஞர்களின் வாரிசுகள். ஆயிரக்கணக்கான மனிதர்களின் கல்வி வரலாற்றையும் நாணயத்தையும் நூல் நூலாக எழுதிவைத்தவர்கள் நம் முன்னோர்கள். மத்ரஸாவில் ஓதி முடித்தவருக்கு ஸனது கொடுக்காமல் அனுப்புவோமா? மேடை போட்டு, தலைப்பாகை கட்டிக் கொடுக்கிறோம். அதே மத்ரஸாவில் ஓதிக்கொடுத்தவர் விலகும்போது, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இவர் இங்கே ஆசிரியராக இருந்தார் என்ற இரண்டு வரிக்கு நம்மிடம் தாள் இருப்பதில்லை.

எனவே நம் வேண்டுகோள் மூவருக்கு.

தொழில் நடத்தும் சகோதரர்களுக்கு: சேரும் நாளில் ஒரு கடிதம், விலகும் நாளில் ஒரு கடிதம். பெயர், வேலை, தேதிகள், கையொப்பம் போதும். புகழ்ச்சி வேண்டாம்; உண்மை போதும். கூலியை வியர்வை உலரும் முன் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில், சான்றை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்க இடமில்லை. கடிதம் கேட்டு வருபவரை யாசகரைப் போல வாசலில் நிறுத்தாதீர்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு: இமாம், மோதினார், மக்தப் ஆசிரியர் ஆகியோருக்கென ஒரு பணிப்பதிவேடு வையுங்கள். நிர்வாகம் மாறும்போது சாவிக்கொத்துடன் அந்தப் பதிவேடும் கைமாறட்டும். பழைய ஆட்கள் வந்து கேட்டால், ஊரில் அறிந்த இருவரை விசாரித்து உண்மையை எழுதிக் கொடுங்கள்.

வேலை தேடும் இளைஞர்களுக்கு: கடிதம் கிடைக்கவில்லை என்றால் பொய்யைத் தவிர வழியில்லை என்று எண்ணாதீர்கள். பி.எஃப். பிடித்திருந்தால் பன்னிரண்டு இலக்க யு.ஏ.என். எண்ணைக் கொண்டு பணி வரலாற்றை நீங்களே இணையத்தில் எடுக்கலாம். முதலாளி விலகல் தேதியைப் பதியாவிட்டால், கடைசித் தவணை கட்டி இரண்டு மாதம் கழிந்தபின் நீங்களே பதியலாம். ஈ.எஸ்.ஐ. அட்டை, சம்பளம் வரவு வைக்கப்பட்ட வங்கிப் பாஸ்புத்தகம், சம்பளச் சீட்டு, போனஸ் ரசீது ஆகியவை அனைத்தும் சாட்சிகளே, எதையும் எறியாதீர்கள். உடன் வேலை பார்த்தவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். செய்முறைத் தேர்வுக்கு அஞ்சாதீர்கள். உண்மையாகத் தொழில் கற்றவருக்கு அந்தத் தேர்வே சான்று. இன்று வேலையில் இருப்பவர்கள் விலகும் நாள்வரை காத்திராமல் இப்போதே ஒரு கடிதம் கேட்டு வையுங்கள்.

அந்த இளைஞரின் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறோம். மறுவாரம் அவரை அழைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலம் சென்றோம். முதலாளியிடம், "பாய், இது சிபாரிசு இல்லை, சாட்சியம். மறைத்தால் உங்கள் உள்ளம் குற்றவாளி என்று அல்லாஹ் சொல்கிறான். இதே குற்றத்தைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்" என்று கூறி, மோதினாரின் செய்தியையும் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய ஆறு ஆண்டுகளுக்குக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டார். ரொக்கமாகக் கூலி கொடுத்த முதல் மூன்று ஆண்டுகளை எழுத மறுத்துவிட்டார்.

கேட்டது ஐந்து என்பதால் ஆறு போதுமானதாயிற்று. திரும்பும் வழியில் பேருந்தில் அந்த இளைஞர் மகிழ்ச்சியாகத்தான் இருந்தார். நமக்குத்தான் அந்த மூன்று ஆண்டுகள் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தன. ஒரு சிறுவன் கம்பி சுமந்து, சுவர் தட்டி, திட்டு வாங்கித் தொழில் கற்ற ஆண்டுகள் அவை. இங்கே அவை எந்தத் தாளிலும் இல்லை. சிறியதையும் பெரியதையும் விட்டுவைக்காத ஏடு ஒன்று மறுமையில் விரிக்கப்படும். அதில் அவை இருக்கும், அருகே அவற்றை மறைத்தவர்களின் பெயர்களும் இருக்கும்.

யா அல்லாஹ்! பொய்ச்சாட்சியிலிருந்து எங்கள் நாவுகளையும் கைகளையும் காப்பாற்றுவாயாக! உண்மைச் சாட்சியத்தை மறைக்கும் பாவத்திலிருந்து எங்கள் உள்ளங்களைக் காப்பாற்றுவாயாக! எங்களால் உரிமை இழந்தவர்களுக்கு நீயே ஈடு செய்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.